க்னோம் சாஃப்ட்வேர்: பொதிகளை மறைத்துச் செயலிகளைக் காட்டும் கடை

லினக்ஸ் கணினியில் மென்பொருள் நிறுவ, நெடுங்காலமாகப் பொதிகளின் (மென்பொருளின் கோப்புகளைக் கட்டித் தரும் தொகுப்புகளின்) பெயர்களை அறிந்திருக்க வேண்டியிருந்தது. சினாப்டிக் போன்ற கருவியில் படத்திருத்தி ஒன்றைத் தேடினால், அதன் நூலகங்களும் ஆவணங்களும் மொழிக் கோப்புகளும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். அவற்றுள் திறந்து பயன்படுத்தத்தக்கது எது என்பதைப் பயனரே கண்டறிய வேண்டும். 2009-இல் வந்த உபுண்டு மென்பொருள் மையம் இந்நிலையை மாற்ற முயன்றது. 2013-இல், க்னோம் என்னும் லினக்ஸ் மேசைத்தளச் சூழலின் 3.10 பதிப்புடன் அறிமுகமான க்னோம் சாஃப்ட்வேர், பொதியை அன்றிச் செயலியையே காட்டுவது என்ற இலக்கை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறது.

இதற்கு அடிப்படையாக இருப்பது ஆப்ஸ்ட்ரீம் விவரக்கோப்பு. செயலியின் பெயர், விளக்கம், திரைப்பிடிப்புகள், உரிமம் ஆகியவற்றைப் பெரும்பாலும் அதை உருவாக்கியவரே இதில் எழுதித் தருகிறார் என்பதால், கடையின் தரம் அவருடைய அக்கறையையே சார்ந்திருக்கிறது. நல்ல செயலி ஒன்று, இரண்டு வரி விளக்கத்தோடு அநாதையாக நிற்பதை இங்கே அடிக்கடி காணலாம்.

2021-இல் க்னோம் 41 பதிப்பில் செய்யப்பட்ட மறுவடிவமைப்பே இதன் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. பதிவிறக்க அளவு, பாதுகாப்பு, வயதுத் தகுதி ஆகியவை செயலியின் பக்கத்திலேயே சிறு கட்டங்களாகத் தெரிகின்றன. ஃப்ளாட்பேக் என்னும், பல லினக்ஸ் வகைகளிலும் இயங்கும்படி தனித்து அடைக்கப்பட்ட வடிவில் வரும் செயலி உங்கள் கோப்புகளையோ வலையிணைப்பையோ அணுகுமா என்பதை, நிறுவும் முன்பே, கட்டத்தைச் சொடுக்கி அறியலாம். லினக்ஸ் விநியோகத்தின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையின்) களஞ்சியத்திலிருந்து வரும் வழக்கமான பொதிக்கு அத்தகைய அனுமதிப் பட்டியலே கிடையாது. ஆகவே இருவகைச் செயலிகளின் பாதுகாப்புக் கட்டங்களை ஒரே தராசில் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

குறை என்று சொல்ல வேண்டுமானால், ஒரே செயலி இரண்டு மூலங்களில் கிடைக்கும்போது அந்தத் தேர்வு ஒரு சிறு பட்டியலுக்குள் ஒதுங்கிவிடுவதைச் சொல்வேன். பதிப்பும் அளவும் அனுமதிகளும் மூலத்தைப் பொறுத்து மாறக்கூடியவை என்பதால், எளிமையின் பெயரால் அதை ஒதுக்கியது தவறான சிக்கனம்.

ஃபெடோராவில் அமைப்புப் புதுப்பிப்புகளுக்காகக் கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்வது பலருக்கு எரிச்சலூட்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் அடியிலிருந்து நூலகங்களை மாற்றினால் அவை செயலிழக்கக்கூடும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே; ஃப்ளாட்பேக் செயலிகளுக்கோ இது தேவைப்படுவதில்லை. கட்டளைவரிக் கருவிகளை மிகுதியாகப் பயன்படுத்துவோர் மட்டும், செயலிகளையே காட்டும் இக்கடையை நம்பாமல், டிஎன்எஃப் அல்லது ஏபிடி என்னும் பொதி நிறுவும் கட்டளைகளையே நாடுவது நல்லது.