காற்றாலை மின்கணிப்பு: எந்த மாடல் எத்தனை மணி நேரம் வரை கைகொடுக்கும்?

பாலக்காடு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம் ஆகிய நான்கு கணவாய்களை ஒட்டித்தான் தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பகுதி நிற்கிறது. மே முதல் செப்டம்பர் வரை சீசன். அந்த மாதங்களில் ஒரு நாளை 15 நிமிட பிளாக்குகளாக 96 துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மெகாவாட் வரும் என்று மாநில லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு (மின்சுமையைப் பகிர்ந்தளிக்கும் மையம்) முன்கூட்டியே ஷெட்யூல் கொடுக்க வேண்டும். வரம்பு மீறி விலகினால் கட்டணம். இதற்கான கணிப்பு முறைகளில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எத்தனை மணி நேரம் முன்னால் என்று சேர்த்துக் கேட்டால் பதில் உண்டு.

நிலைப்புக் கணிப்பு

இப்போது 40 மெகாவாட் வந்தால் அடுத்த மணியிலும் 40 என்று எழுதிவிடுவது. கேட்க எளிமையாக இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இதைத் தோற்கடிப்பது உண்மையிலேயே கடினம். மூன்று மணி தாண்டியதும் வேகமாகச் சரிகிறது. அதன் பிறகு அந்த மாதத்தின் அந்த நேரச் சராசரியோடு கலந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும். வேறு எந்த மாடலைக் கட்டினாலும் இதோடு ஒப்பிட்ட எண் இல்லாமல் அறிக்கை எழுதக் கூடாது.

வானிலை மாடலும் பவர் கர்வும்

அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடல் இலவசம். நாளுக்கு நான்கு ஓட்டம், 0.25 டிகிரி கட்டம், அதாவது நம் பகுதியில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர். 100 மீட்டர் உயரக் காற்றும் அதில் கிடைக்கும். அதை டர்பைனின் பவர் கர்வில் (எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் வளைவு) போட்டால் மெகாவாட் வந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் இந்த வானிலைத் தகவல் இல்லாமல் எந்த மாடலும் நிற்காது.

சிக்கல் இரண்டு. முதலாவது நிலப்பரப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் சில கிலோமீட்டர் அகலம்தான். 27 கிலோமீட்டர் கட்டத்தில் மலையும் கணவாயும் ஒன்றாகக் கரைந்துவிடும். கணவாய்க்குள் காற்று குவிந்து வேகமெடுப்பதை மாடல் குறைத்தே சொல்லும். இரண்டாவது, பவர் கர்வின் செங்குத்தான பகுதி. டர்பைன் 3 மீட்டர்/நொடி அளவில் சுற்றத் தொடங்கி, 12 அளவில் முழுத் திறனைத் தொடும். இடைப்பட்ட வேகங்களில் காற்றிலுள்ள ஆற்றல் வேகத்தின் முப்படியாக ஏறும். 7 என்று கணித்த இடத்தில் 8 அடித்தால் ஆற்றல் 343க்கும் 512க்கும் உள்ள விகிதத்தில், ஏறக்குறைய 49% கூடிவிடும். காற்றில் சின்னப் பிழை, மின்சாரத்தில் பெரிய பிழை.

லைட்ஜிபிஎம்

இந்த இரண்டு சிக்கலையும் உங்கள் தளத்தின் பழைய டேட்டாவே திருத்தும். நாளை முன்கணிப்புக்கு எங்கள் தேர்வு லைட்ஜிபிஎம்தான்; கேள்வி கேட்டுக் கிளை பிரியும் முடிவு மரங்கள் பலவற்றை அடுக்கிக் கற்கும் இயந்திரக் கற்றல் முறை அது. உள்ளீடாகக் கொடுக்க வேண்டியவை: 100 மீட்டர் காற்றின் கிழக்கு-மேற்கு, வடக்கு-தெற்குக் கூறுகள், சுற்றியுள்ள நான்கைந்து கட்டப் புள்ளிகளின் காற்று, வெப்பநிலை, நேரம், முன்னோக்கு நேரம் (எத்தனை மணி நேரம் முன்னால் கணிக்கிறோம் என்பது), குறுகிய நேரக் கணிப்பென்றால் கடைசி நான்கு பிளாக்குகளின் உற்பத்தியும். திசையை டிகிரியாகக் கொடுக்காதீர்கள்; 359க்கும் 1க்கும் நடுவே உள்ள இரண்டு டிகிரியை மரம் 358 என்று பார்க்கும்.

இலை (மரத்தின் கிளை முடியும் இடம்) எண்ணிக்கை 31, கற்றல் வேகம் 0.03, இலைக்குக் குறைந்தது 200 வரிசை என்று தொடங்கலாம். இலக்கை மெகாவாட்டில் வைக்காமல், அந்த நேரத்தில் இயங்கத் தயாராக இருந்த திறனால் வகுத்து வையுங்கள். மர மாடல் தான் பார்த்த அதிகபட்சத்துக்கு மேல் சொல்லாது. அடுத்த சீசனில் பத்து டர்பைன் கூடினால் பழைய உச்சத்திலேயே நின்றுவிடும்.

டேட்டாதான் பாதி வேலை

மாடலை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். காற்றாலையின் அளவீடுகளைப் பதியும் ஸ்காடா அமைப்பு இந்திய நேரத்தில் எழுதும், வானிலைக் கோப்பு யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும். வித்தியாசம் ஐந்தரை மணி, அதாவது 22 பிளாக். கணித்த காற்றையும் உண்மையான உற்பத்தியையும் பிளாக் பிளாக்காக நகர்த்தி ஒட்டுறவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) பாருங்கள். உச்சம் பூஜ்ய நகர்வுக்கு அருகில் வர வேண்டும். 22இல் வந்தால் நேரம் திருத்தவே இல்லை. ஒரு பிளாக் தள்ளி வந்தால், சராசரியின் நேர முத்திரை பிளாக்கின் தொடக்கத்திலா முடிவிலா என்று பாருங்கள்.

அடுத்தது கிரிட் குறைப்பு. காற்று 9 மீட்டர்/நொடி வேகத்தில் அடிக்கும், உற்பத்தி பூஜ்யம். லோடு டெஸ்பாட்ச் சென்டர் நிறுத்தச் சொன்னதால் நிறுத்தியிருப்பார்கள். அதை அப்படியே ஊட்டினால் பலத்த காற்றில் மின்சாரம் வராது என்று மாடல் கற்றுக்கொள்ளும். டர்பைன் நிலைக் குறியீடு இருந்தால் அதை வைத்து நீக்குங்கள். இல்லாவிட்டால் 8 மீட்டர்/நொடிக்கு மேல் காற்றும் 10%க்குக் கீழ் உற்பத்தியும் உள்ள வரிசைகளைக் குறித்துவைத்து, இயக்கப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையால் சரிபாருங்கள்.

மூன்றாவது, நாளையைப் பார்த்துவிட்டு நாளையைக் கணிப்பது. இஆர்ஏ5 மறுபகுப்பாய்வில் (நடந்து முடிந்த வானிலையை அளவீடுகளோடு சேர்த்துப் பின்னர் கணக்கிட்ட தொகுப்பு) பயிற்சி கொடுத்து அதிலேயே சோதித்தால் முடிவு அழகாக வரும், நேரடி ஓட்டத்தில் உடைந்துவிடும். அன்று உண்மையில் கிடைத்த கணிப்புக் கோப்புகளையே சேமித்துப் பயன்படுத்த வேண்டும். 00 யுடிசி ஓட்டம் காலை 5.30க்குத் தொடங்கினாலும் கோப்பு கைக்கு வர மணி ஒன்பதைத் தாண்டிவிடும். அதைக் காலை ஆறு மணிக் கணிப்பில் சேர்த்தால் அதுவும் இதே தவறுதான்.

ஆழ்கற்றல்

ஒரு தளம், ஆண்டுக்கு 35,040 வரிசை, மூன்று ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். நிறைய இருப்பது போலத் தெரியும்; ஆனால் அதில் இருப்பது மூன்றே தென்மேற்குப் பருவம். எல்எஸ்டிஎம், டிரான்ஸ்ஃபார்மர் போன்ற நரம்பு வலைப்பின்னல் மாடல்கள் இதில் லைட்ஜிபிஎம்மை நம்பகமாக மிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முப்பது நாற்பது தளங்களை ஒரே மாடலில் சேர்த்துப் பயிற்றும்போது கதை மாறும். பாலக்காட்டில் ஏறிய காற்றைப் பல்லடத்துக்குச் சொல்ல அது கற்றுக்கொள்ளும். 2024இல் அமேசான் வெளியிட்ட குரோனோஸ் என்ற, முன்பே பயிற்றிய ஆயத்த மாடலின் முதல் பதிப்பு வானிலை உள்ளீட்டை ஏற்காது. அதனால் நாளைய கணிப்புக்குப் பயனில்லை. அடுத்த ஓரிரு மணிக்கு முயன்று பார்க்கலாம். 2023இல் வந்த கிராஃப்காஸ்ட் வானிலையையே இயந்திரக் கற்றலால் கணிக்கிறது, ஆனால் ஆறு மணி நேரப் படிகளில். 15 நிமிட பிளாக்குக்கு அது நேரடியாகப் பொருந்தாது.

ஒப்பிடும் முறை

வரிசைகளைக் குலுக்கிப் பிரிக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்து பிளாக்குகள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிடும். ஒரு முழு சீசனை ஒதுக்கி வையுங்கள். பிழையை முன்னோக்கு நேரவாரியாகத் தனித்தனியே போடுங்கள்: 1, 3, 6, 24 மணி. கட்டணம் விலகலின் அளவைப் பார்ப்பதால் சராசரி முழுமதிப்புப் பிழையே (கூடியதா குறைந்ததா என்று பாராமல் விலகல்களின் சராசரி) பொருத்தம். பயிற்சியிலும் மாடல் குறைக்க வேண்டிய இழப்பாக அதையே வையுங்கள். நிலைப்புக் கணிப்புக்கும் லைட்ஜிபிஎம்முக்கும் இந்த நான்கு நேரங்களில் கிடைக்கும் பிழையை ஒரே படத்தில் வரைந்தால் இரு கோடுகளும் ஒரு இடத்தில் வெட்டும். அந்த மணி வரை முதலாவதற்கு அதிக எடை, அதற்குப் பிறகு இரண்டாவதற்கு. தளத்துக்குத் தளம் அந்த வெட்டுப்புள்ளி மாறும். பக்கத்துப் பண்ணையின் எண்ணை வாங்கிப் போட முடியாது.