பார்லர்ல யூவி பாக்ஸா, ஆட்டோகிளேவா?

பெடிக்யூர் பண்ற பார்லர்ல நிறைய பேர் சாமான்ல இருக்கற கிருமியை கொல்ல யூவி பாக்ஸ் (புற ஊதா லைட் பெட்டி) ஒண்ணு வாங்கி வச்சுட்டு, நீல லைட் எரியுது, கஸ்டமருக்கும் பாக்க நல்லாருக்கு, போதும்னு விட்டுடறாங்க. போதாதுங்க. லைட் நேரா படற எடத்துல மட்டும்தான் கிருமி சாகும், கட்டரோட மூட்டு இடுக்குல, அடிப்பக்கத்துல எல்லாம் படவே படாது, அழுக்கு ஒட்டியிருந்தா அதுக்கு அடியில இருக்கறதும் தப்பிச்சுடும். சுத்தம் பண்ணி முடிச்ச சாமானை தூசி படாம வைக்கற பெட்டி, அவ்ளோதான் அது.

ஆட்டோகிளேவ், அதாவது பிரஷர் குக்கர் மாதிரி நீராவியில கிருமியை கொல்ற மெஷின், அப்படி இல்ல. பிரஷரோட 121 டிகிரி நீராவி, பவுச்ல (சாமானை உள்ள வச்சு ஒட்டற பை) போட்டா 30 நிமிஷம், இடுக்கெல்லாம் புகுந்துடும், ஹெபடைடிஸ் பி வைரஸ்லருந்து பாக்டீரியா ஸ்போர் (சீக்கிரம் சாகாத, விதை மாதிரியான நிலை) வரைக்கும் காலி. விலை ஜாஸ்திதான், சாதா பிளாஸ்டிக் சீப்பு உருகிடும், சரியா காயலன்னா துரு பிடிக்கும். (சோப்பு போட்டு தேய்ச்சு கழுவாம எதுல வச்சாலும் வேஸ்ட்.)

கஸ்டமர்கிட்ட பேசவும் இதான் வசதி, நீராவி பட்டதுக்கு அடையாளமா பவுச்ல கலர் மாறியிருக்கறத காட்டி "அக்கா, உங்களுக்காக இப்பதான் பிரிக்கறேன்"னு அவங்க முன்னாடியே கிழிச்சா தயக்கமே இல்லாம காலை நீட்டுவாங்க. நிப்பர், கட்டர்னு ரத்தம் வர வாய்ப்புள்ள வேலை இருந்தா ஆட்டோகிளேவ்தான் வாங்கணும், ஹேர்கட்டும் த்ரெடிங்கும் மட்டும்னா கிருமிநாசினி ஜாடியும் ஆளுக்கு புது நூலும் இருந்தா சரி.