டாப்கா-4: எடையைக் கேட்டு விலை சொல்லும் மதிப்பீட்டு மாதிரி

புதிய விமானம் ஒன்றின் மூன்று கோணப் படம் மட்டும் கையில் இருக்கும் நாளிலேயே, அது என்ன விலை ஆகும் என்ற கேள்வி வந்துவிடும். அந்த நாளுக்கென்றே அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய டாப்கா வரிசையில், 1987-இல் வெளிவந்த நான்காம் பதிப்பைப் பல ஆண்டுகளாக ஓர் எக்செல் தாளில் வைத்துப் பயன்படுத்தி வருகிறேன். காலி எடை (எரிபொருளும் சுமையும் ஏற்றாத விமானத்தின் எடை), உச்ச வேகம், தயாரிக்கப்போகும் எண்ணிக்கை, பறத்தல் சோதனைக்கான விமானங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொடுத்தால், வடிவமைப்பு, டூலிங் (உற்பத்திக்கான அச்சுகளையும் தாங்கிகளையும் செய்வது), உற்பத்தி, தரக்கட்டுப்பாடு ஆகியவற்றுக்கான மனித மணி நேரங்களையும், மூலப்பொருள், சோதனை ஆகியவற்றின் செலவையும் அது தந்துவிடும். இன்ஜினையும், ஏவியானிக்ஸ் எனப்படும் விமான மின்னணுக் கருவிகளையும் நாம்தான் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதன் பலம் எதுவென்று ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும். 10,000 பவுண்டு காலி எடையும் 400 நாட் (மணிக்கு ஏறத்தாழ 740 கி.மீ.) வேகமும் கொண்ட விமானம் 100 தயாரிப்பதாக வைத்துக்கொண்டால், உற்பத்திக்கு மட்டும் ஏறத்தாழ 49 லட்சம் மணி நேரம் என்று வருகிறது. எடையை 11,000 பவுண்டாக மாற்றினால் அது ஏறத்தாழ 53 லட்சமாகிறது. உற்பத்திச் சமன்பாட்டில் எடையின் அடுக்கு 0.82 என்பதால், எடை பத்து சதவீதம் ஏறினால் மணி நேரம் எட்டு சதவீதம் ஏறுகிறது. 'ஆயிரம் பவுண்டுதானே' என்று கூட்டத்தில் இலகுவாகப் பேசுகிறவர்கள் முன் அந்த நான்கு லட்சம் மணி நேரத்தைக் காட்டிய பிறகு, எடைப் பொறியாளரின் பேச்சைக் கேட்கும் பொறுமை எல்லோருக்கும் வந்துவிடுகிறது.

ஆனால் எந்த எடை என்பதில் மிகுந்த கவனம் தேவை. டாப்கா-4 காலி எடையைக் கேட்கிறது. பழைய சமன்பாடுகள் சிலவோ, இன்ஜின், சக்கரம், பிரேக், டயர், பேட்டரி, கருவிகள் போன்று வெளியில் வாங்கிப் பொருத்துபவற்றைக் கழித்த 'ஏஎம்பிஆர்' எடையைக் கேட்கும். தொழிற்சாலை தன் கையால் செய்யும் பகுதி மட்டுமே அதில் இருக்கும். அத்தகைய சமன்பாடு ஒன்றில் நான் ஒருமுறை காலி எடையை அப்படியே போட்டுவிட்டேன். வாங்கிவந்த டயருக்கும் நாமே தகடு வளைத்ததாகக் கணக்கு வந்து நின்றது. பிழையைக் கண்டுபிடித்தவர் எடைப் பிரிவைச் சேர்ந்தவர். செலவுப் பிரிவில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

எனக்குள்ள முதல் குறை, எடையின் நம்பகத்தைச் சொல்வதற்கு இந்த மாதிரியில் இடமே இல்லை என்பது. எடை அறிக்கையில் ஒவ்வோர் உறுப்பின் எதிரிலும், அந்த எடை மதிப்பிடப்பட்டதா, வரைபடத்திலிருந்து கணக்கிடப்பட்டதா, தராசில் நிறுக்கப்பட்டதா என்று குறித்திருப்பார்கள். முக்கால் பங்கு வெறும் மதிப்பீடாக இருக்கும் 10,000 பவுண்டும், முக்கால் பங்கு தராசில் ஏறி இறங்கிய 10,000 பவுண்டும் டாப்காவுக்கு ஒன்றுதான். எடை பெரும்பாலும் மேல்நோக்கியே நகரும் என்பதால், முதல் வகைக்கு வளர்ச்சி ஒதுக்கீட்டை, அதாவது பின்னால் ஏறப்போகும் எடைக்கான கூடுதலை, சேர்த்துவிட்டே எண்ணை உள்ளே கொடுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு எவ்வளவு என்பதை முடிவுசெய்ய வேண்டியவர் எடைப் பொறியாளரே.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. எடை குறைந்தால் செலவு குறையும் என்று இந்த மாதிரி நம்புகிறது. ஒரே விதமாகக் கட்டப்பட்ட பெரிய விமானத்தையும் சிறிய விமானத்தையும் ஒப்பிடும்போது அது சரி. கட்டிக்கொண்டிருக்கும் விமானத்தில் எடையைச் சுரண்டி எடுக்கும்போதோ நடப்பது தலைகீழ். செங்குத்தாக இறங்கும் அமெரிக்கப் போர் விமானமான எஃப்-35பி, 2004-இல் ஏறத்தாழ 3,000 பவுண்டு கூடுதல் எடையுடன் தவித்தபோது, அதைக் குறைப்பதற்கென்றே தனிக்குழு அமைத்தார்கள். பாகங்களைத் தொழிற்சாலையில் விரைந்து இணைப்பதற்காக வைத்திருந்த பொருத்துகளும் அந்த முயற்சியில் கைவிடப்பட்டன. எடை இறங்கியது, பொருத்தும் வேலை கடினமானது. டாப்காவிடம் கேட்டிருந்தால், மிச்சம் என்றுதான் பதில் சொல்லியிருக்கும். அலுமினியத்தை விட்டுக் கார்பன் இழைக்கோ டைட்டானியத்துக்கோ போகும்போதும் இதே சிக்கல்தான். மணி நேரத்தை ஒரு பெருக்கெண்ணால் கூட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டென்றாலும், ஒட்டுமொத்த விமானத்துக்கும் ஒரே பெருக்கெண்ணைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. எந்தப் பொருளில் எத்தனை பவுண்டு என்று எடைப் பிரிவிடம் பட்டியல் வாங்கிப் பிரித்துக் கணக்கிடுவதே முறை.

கருத்துரு நிலையில் இரண்டு மூன்று வடிவங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். டாலர் தொகைகள் எந்த ஆண்டின் மதிப்பில் உள்ளன என்பதைச் சமன்பாட்டை எடுக்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்; பாடநூலுக்குப் பாடநூல் அது மாறும். உறுப்புவாரியான முதல் எடை அறிக்கை வந்த அன்று நான் இந்தத் தாளை மூடிவிடுவேன்.