டாலஸ் பக்கம் புது வீடு வாங்குகிறவர்களுக்கு: விற்பனை அலுவலகம் காட்டும் மாதத் தவணையை நம்பாதீர்கள்

டெக்சஸில், காலின் கவுண்டியின் (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) கிழக்கு ஓரத்தில், யு.எஸ். 380 சாலையை ஒட்டி முளைக்கும் புதுக் குடியிருப்புகளில் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். காஃப்மேன், டென்டன் கவுண்டிகளில் பார்ப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். எங்களுக்குத் தவணையைக் குறைத்துக் காட்டியது பற்றிப் புகார் நடந்துகொண்டிருப்பதால் பில்டர் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை, இதே வித்தையைப் பல பேர் செய்கிறார்கள்.

நாங்கள் 2023 மார்ச்சில் வாங்கினோம். விலை 4,20,000 டாலர், 20 சதவீதம் டவுன் பேமென்ட். விற்பனை அலுவலகத்தில் எங்கள் கையில் கொடுத்த தாளில் மாதத் தவணை 2,107 டாலர் என்று போட்டிருந்தது. அசலும் வட்டியும் 1,702, வீட்டு வரி 155, இன்ஷூரன்ஸ் 250. அப்போது மெக்கின்னியில் நாங்கள் கொடுத்த வாடகை 2,600. சொந்த வீடு வாடகையைவிட மலிவு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? 2025 வசந்தத்தில் அதே வீட்டுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது: இனி மாதம் 3,685 டாலர்.

இதில் வட்டி ஏறியது ஒரு பங்கு. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். முதல் வருடம் இரண்டு சதவீதம், இரண்டாம் வருடம் ஒரு சதவீதம் குறைத்துத் தருவது பில்டர்கள் வழக்கமாகக் கொடுக்கும் சலுகை; 4.5, 5.5, அப்புறம் 6.5 என்று தாளிலேயே இருந்தது. "அதற்குள் ரேட் இறங்கிவிடும், ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம்" என்றார்கள். இறங்கவில்லை. 2023 அக்டோபரில், வீட்டுக் கடன் சந்தையைக் கணக்கெடுக்கும் ஃப்ரெடி மேக் நிறுவனத்தின் கணக்குப்படி 30 வருடக் கடனின் சராசரி வட்டி 7.79 சதவீதத்தைத் தொட்டது. சரி, வட்டியை யாராலும் கணிக்க முடியாது, விட்டுவிடலாம்.

ஆனால் வரி அப்படியில்லை. அதைக் கணிக்க ஜோசியம் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

டெக்சஸில் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1 அன்று சொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதற்குத்தான் அந்த வருட வரி. 2023 ஜனவரி 1 அன்று எங்கள் மனையில் வீடே எழும்பவில்லை. அதனால் அந்த வருட பில் வெறும் மனைக்கு மட்டும், சுமார் 75,000 டாலர் மதிப்புக்கு வந்தது. மாதம் 155 என்பது அந்த மண்ணின் வரி. 2024 ஜனவரி 1 அன்று மனையின் மேல் வீடு நிற்கிறது, மதிப்பு 4,05,000. அந்த வருட பில் கிட்டத்தட்ட 8,800 டாலர். இங்கே தவணை வாங்கும் வங்கியே வரிப் பணத்தையும் சேர்த்து வாங்கி வைத்துப் பில்லைக் கட்டும். எங்கள் வங்கியோ வரிக்கென்று மாதாமாதம் 155தான் பிடித்து வைத்திருந்தது. பில்லை அவர்கள் கட்டிவிட்டு, துண்டு விழுந்த ஏறத்தாழ 7,000 டாலரை எங்கள் கணக்கில் ஏற்றினார்கள். ஆக உண்மையான வரி மாதம் 733, அதற்கு மேல் பழைய பாக்கிக்குப் பன்னிரண்டு மாதமும் 578. இப்படித்தான் தொகை ஏணி ஏறியது.

"ஹோம்ஸ்டெட் போட்டால் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாதே" என்று நண்பர்கள் கேட்டார்கள். ஹோம்ஸ்டெட் என்பது நாமே குடியிருக்கும் சொந்த வீட்டுக்கான வரிச் சலுகை. அந்த வரம்பு ஏற்கெனவே நிற்கும் வீட்டின் மதிப்புக்குத்தான். புதிதாகக் கட்டிய கட்டிடம் முழுசாகச் சேர்ந்துகொள்ளும். ஹோம்ஸ்டெட்டில் கிடைப்பது, பள்ளி வரி போடும் வீட்டு மதிப்பில் ஒரு கழிவு. 2023இல் அதை 1,00,000 டாலராக உயர்த்தினார்கள், 2025க்கு 1,40,000. கட்டாயம் போடுங்கள், ஆனால் அது இந்த அடியைத் தாங்காது.

அடுத்தது மட் வரி. முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்பதைத்தான் இங்கே எல்லாரும் மட் என்கிறார்கள். நகர எல்லைக்கு வெளியே காட்டிலும் மேட்டிலும் குடியிருப்பு போடும்போது தண்ணீர்க் குழாய், சாக்கடை, வடிகால் எல்லாம் டெவலப்பர் போடுவார். பிறகு அந்த மட் கடன் பத்திரம் வெளியிட்டு அவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும். பத்திரக் கடனை அடைப்பது வீட்டுக்காரர்கள், வரியாக. எங்கள் மட் வரி 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர். விற்பனைப் பெண்மணி எங்களிடம் சொன்னது: "இது சிட்டிக்கு வெளியே, சிட்டி வரி கிடையாது, அதனால் வரி கம்மி." சிட்டி வரி கிடையாது என்பது உண்மைதான். பக்கத்து மெக்கின்னியின் நகர வரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் மட் வாங்குகிறது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். மட் பற்றிய அறிவிப்பை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்குபவரிடம் தர வேண்டும் என்று டெக்சஸில் சட்டம் உண்டு. தந்தார்கள். மின்கையெழுத்துக்கு அனுப்பிய பெரிய கட்டில், ஒப்பந்தத்துக்கு முந்தைய பக்கமாக, ஒரே நாளில். சட்டப்படி சரி! சில இடங்களில் மட்டுக்குப் பதில் பி.ஐ.டி. (பப்ளிக் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்) இருக்கும், அது வரியே அல்ல, வீட்டின் மேல் சுமத்திய ஒரு தொகை, வருடத் தவணையாகக் கட்டுவது. எது இருந்தாலும் மொத்த வரி விகிதத்தைக் கேளுங்கள். 2.5 சதவீதத்தை ஒட்டி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இவ்வளவும் சொன்னால், "தெரியாமல் தப்பாகப் போட்டிருப்பார்கள்" என்று நினைப்பீர்கள். கடிதம் வந்த பிறகு என் கடன் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினேன். கடன் விண்ணப்பத்தின் இறுதிப் படிவத்தில், எனக்குக் கடன் கட்டும் தகுதி இருக்கிறதா என்று பார்த்த இடத்தில், வீட்டு வரி மாதம் 868 டாலர் என்று இருந்தது. கட்டி முடித்த வீட்டின் முழு விலைக்குப் போட்ட கணக்கு அது. அதாவது கடன் கொடுத்தவர்களுக்குச் சரியான தொகை முதல் நாளே தெரியும். அந்தக் கடன் நிறுவனம் பில்டரின் சொந்த நிறுவனம். தங்கள் பணம் திரும்பி வருமா என்று பார்க்க 868. எங்களுக்குக் காட்ட 155. இதற்கு ஏமாற்று என்று பெயர் வைக்காமல் வேறு என்ன வைப்பது?

எனவே ஒரே ஒரு தாள் கேளுங்கள் என்றால் இதைக் கேளுங்கள்: கடன் விண்ணப்பப் படிவத்தில் 'ப்ராப்பர்ட்டி டாக்ஸ்' என்று எழுதிய பக்கம். விற்பனைத் தாளில் இருக்கும் எண்ணும் அதில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். மனம் இல்லையென்றால், முழு வீட்டு மதிப்புக்கு முதல் மாதத்திலிருந்தே வரி பிடிக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் ஏஜென்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம்மூர்க்காரர், பொங்கல் விழாவில் மைக் பிடிப்பவர். "தம்பி, வரி கொஞ்சம் ஏறும், கவலைப்படாதீங்க" என்றார். தன் கமிஷனில் ஒரு பங்கை எங்களுக்குத் திருப்பித் தந்தார், அது சட்டப்படியானதே. ஆனால் அவருக்குக் கமிஷன் கொடுப்பது பில்டர். கடிதத்தோடு போனபோது, "எல்லாருக்கும் இப்படித்தான் வரும்" என்றார். எல்லாருக்கும் வரும் என்று தெரிந்தவர் எங்களுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை அண்ணா?

விற்றுவிட்டுப் போகலாம் என்று பார்த்தோம். அங்கேதான் அடுத்த பொறி. எங்கள் தெருவுக்குப் பின்னால் மூன்றாம் கட்டத்தில் அதே பில்டர் அதே வடிவ வீட்டை விற்றுக்கொண்டிருக்கிறார். போர்டில் விலை பெரிதாக இறங்கவில்லை. ஆனால் 4.99 வட்டி, பதிவுச் செலவு முழுக்க இலவசம், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின். வாங்க வருபவர் என் பழைய வீட்டுக்குச் சந்தை வட்டி கட்டுவாரா, அங்கே போவாரா? தவிர டெக்சஸில் விற்ற விலையை அரசுக்கோ பொதுமக்களுக்கோ வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உண்மையில் என்ன கொடுத்தார் என்பது ஏஜென்ட்கள் பட்டியலைப் பார்க்க முடிந்தவர்களுக்குத்தான் தெரியும். "இந்தப் பகுதியில் விலை ஏறிக்கொண்டே போகிறது" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

பிளேனோ, ஃபிரிஸ்கோ விலை எட்டாமல் போனதால்தான் நாமெல்லாம் செலைனா, அன்னா, மெலிசா, பிரின்ஸ்டன் என்று தள்ளித் தள்ளிப் போகிறோம். அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த நகரம் என்று 2023 கணக்கில் செலைனா, 2024இல் பிரின்ஸ்டன். அந்த பிரின்ஸ்டனே 2024 செப்டம்பரில் புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. தண்ணீர், கழிவுநீர், சாலை எதுவும் தாங்கவில்லை. காலை எட்டு மணிக்கு 380இல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வீட்டு விலை ஏன் குறைவு என்று புரியும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பற்றாக்குறையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் 24 மாதமாகப் பிரிக்கச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். எங்களுக்கு முதலில் மறுத்து, பிறகு ஒத்துக்கொண்டார்கள். மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் மே 15க்குள் (நோட்டீஸ் தாமதமாக வந்தால் அதிலிருந்து 30 நாளுக்குள்) ஆட்சேபம் போடுங்கள். பின் தெருவில் பில்டர் விற்ற விலைகளை ஒரு ஏஜென்டிடம் வாங்கிக் காட்டினேன், வீட்டின் மதிப்பை 3,78,000க்கு இறக்கினார்கள். வருடத்துக்கு 670 டாலர் மிச்சம். கடன் நிறுவனத்தின் மேல் சி.எஃப்.பி.பி.யிலும் (கடன் வாங்குவோரைப் பாதுகாக்கும் மத்திய அரசு அமைப்பு), மாநிலத்தின் அடமானக் கடன் துறையிலும் புகார் கொடுத்திருக்கிறேன். "விற்பனைத் தாளில் இருந்தது வெறும் மதிப்பீடு" என்று ஒரே வாக்கியத்தில் பதில் வந்தது. பில்டர் மேல் வழக்குப் போட முடியாது, ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் மட்டும்தான் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

2023இலோ 2024இலோ இந்தப் பக்கம் வாங்கியவர்களில் விற்பனைத் தாளையும் கடன் விண்ணப்பத்தையும் இரண்டையும் வைத்திருப்பவர்கள் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். இரண்டு எண்களும் வேறாக இருக்கும் கோப்புகள் இதுவரை எங்கள் தெருவிலேயே நான்கு கிடைத்திருக்கின்றன. இன்னும் சேர்ந்தால் ஒரே வக்கீலிடம் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.