தானா தண்ணி குடிக்கிற தொட்டி: 14 மாசம் வச்சு பார்த்தாச்சு, புதினாவுக்கு சொர்க்கம், ரோஸ்மேரிக்கு எமன்

போன வருஷம் ஒரே சைஸ்ல ஆறு தொட்டி வாங்கினேன், செல்ஃப் வாட்டரிங் பாட்னு சொல்லி விக்கிறாங்களே, அடியில தண்ணி டேங்க் இருக்குற டைப், அது தான். வேலை விஷயமா அடிக்கடி நாலஞ்சு நாள் வெளியூர் போயிடுவேன், திரும்பி வந்து பால்கனி கதவ திறந்தா புதினா தலை தொங்கி கிடக்கும், பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும், அதுக்காக வாங்கினது. இப்போ 14 மாசம் ஆச்சு. வாங்கலாமா வேணாமானு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பி ஒண்ணு தான் கேப்பேன், அதுல என்ன செடி வைக்கப் போறீங்க?

தொட்டி 10 இஞ்ச் அகலம், டேங்க் 2 லிட்டர் பிடிக்குது. நடுவுல சல்லடை மாதிரி ஒரு தட்டு, அதுல ரெண்டு ஓட்டை, அது வழியா ரெண்டு திரி கீழ தண்ணிக்குள்ள தொங்கும். விளக்குத் திரி எண்ணெய இழுக்குதே அதே வேலை தான், மோட்டார் கீட்டார் ஒண்ணும் கிடையாது, மேல மண்ணு காய காய திரி தண்ணிய ஏத்திக்கிட்டே இருக்கும். தண்ணி ஊத்த பக்கத்துல ஒரு வாய், ரொம்பினா வழிய ஒரு ஓட்டை, அளவு காட்ட ஒரு சிவப்பு மிதவை குச்சி. பிளாஸ்டிக் நல்ல கெட்டி, முழு வெயில்ல நின்னும் வெடிக்கல, நிறம் மட்டும் லேசா வெளுத்திருக்கு.

முதல்ல புதினா பத்தி சொல்லிடறேன், ஏன்னா அது ஒண்ணுக்காகவே இந்த தொட்டிய நான் பாராட்டணும். மூணு தண்டு தான் நட்டேன், ரெண்டு மாசத்துல தொட்டி விளிம்பு தெரியல, கிள்ள கிள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு, அஞ்சு நாள் ஊர்ல இல்லாம வந்தப்பவும் இலை விறைப்பா நின்னுச்சு. ஒருநாள் தட்டை தூக்கி பார்த்தா வேர் ஓட்டை வழியா இறங்கி டேங்க் தண்ணில வெள்ளை வெளேர்னு தாடி மாதிரி தொங்குது. ஆனா பத்து மாசம் போனதும் இலை சிறுத்துப் போச்சு. நோயோன்னு பயந்து கவுத்து பார்த்தா நோய் இல்ல, வேர் தொட்டி சுவர சுத்தி சுத்தி பாய் பின்னின மாதிரி ஆயிருச்சு, புதினா மண்ணுக்கடியில ஓடுதண்டு விட்டு பரவுற செடி, எந்த தொட்டிய குடுத்தாலும் ஒரு வருஷத்துல இப்படித்தான் செய்யும். கத்திய வச்சு ரெண்டா அறுத்து, பாதிய புது மண்ணுல அதே தொட்டில, மீதிய இன்னொரு தொட்டில வச்சேன், ரெண்டு வாரத்துல ரெண்டுலயும் புது துளிர். துளசியும் நல்லா வந்துச்சு, பூங்கொத்து தலை காட்டின உடனே கணுவுக்கு மேல கிள்ளி விட்டா அந்த கணுவுல இருந்து ரெண்டு கிளை வரும், அப்படியே புதரா அடர்த்தியா ஆயிடும்.

இப்போ ரோஸ்மேரி. வச்ச மூணாவது வாரம் இலை நுனி பழுப்பாக ஆரம்பிச்சுது. தண்ணி பத்தலையோன்னு மேல இருந்தும் ஊத்தினேன், அது தான் நான் பண்ண பெரிய தப்பு. ஒன்றரை மாசத்துல செடி முழுசும் காஞ்ச துடைப்பம் மாதிரி ஆச்சு, வெளிய எடுத்தா மண்ணுல சாக்கடை நாத்தம், ஒரு வேர ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுத்தா மேல் தோல் உறை மாதிரி கழண்டு கையோட வந்துருச்சு, உள்ள நூல் மாதிரி ஒரு இழை மட்டும் மிச்சம். வேர் அழுகிட்டா தண்ணி உறிஞ்ச ஆளே இல்ல, அதனால செடி தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே காஞ்சு சாகுது. பார்க்குறவங்களுக்கு அது தாகமா தெரியும், இன்னும் ஊத்துவாங்க.

ரோஸ்மேரி, லாவெண்டர், தைம் எல்லாம் மத்திய தரைக்கடல் பக்கத்து கல்லு நிலத்துல வளந்த ஜாதி, கோடைல மழையே இல்லாம இருந்து பழகினது, ஒரு தடவை நனைஞ்சா அடுத்த தடவைக்குள்ள மண்ணு காயணும், வேருக்கு காத்து போகணும். இந்த தொட்டில மேல் ரெண்டு விரக்கடை மண்ணு காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடி மண்ணு ஒருநாளும் காயாது. கம்பெனிக்காரங்க மேல எனக்கு இருக்குற பெரிய வருத்தமே இது தான், பெட்டில "எல்லா செடிகளுக்கும்"னு போட்டு லாவெண்டர் படத்தையே அச்சடிச்சிருக்காங்க, புதுசா தோட்டம் ஆரம்பிக்கிறவங்க அத நம்பித்தானே வைப்பாங்க, செடி செத்தா தன் கை ராசி சரியில்லன்னு நினைச்சு விட்டுருவாங்க. என் லாவெண்டர மட்டும் ரோஸ்மேரிய பார்த்த அன்னிக்கே எடுத்து மணல் கலந்த மண் தொட்டிக்கு மாத்திட்டேன், பிழைச்சுக்குச்சு.

பூச்செடில குட்டை ரக கல்வாழை வச்சேன், அது தண்ணி ஓரத்துல நிக்கிற செடி, சேறானாலும் கவலைப்படாது, கிழங்கு பக்கத்துல பக்கத்துல குருத்து விட்டு தொட்டியே பிதுங்குது. நித்தியகல்யாணி நேர் எதிர், வறண்ட இடத்துல கல்லு சந்துலயும் பூக்குற செடி இங்க வந்து மஞ்சளாகி, தண்டு அடியில கறுக்க ஆரம்பிச்சுது. திரி ரெண்டையும் உருவிட்டு டேங்க காலியா விட்டு, மண்ணு காஞ்சா மட்டும் மேல ஊத்தினேன், தேறிருச்சு. ரோஸ்மேரி போன இடத்துல சாமந்தி வச்சு ஒரே ஒரு திரி மட்டும் விட்டிருக்கேன், அந்த அளவு அதுக்கு சரியா இருக்கு. (சாமந்தி ரொம்ப நாளா மொட்டு விடல, அது தொட்டி குத்தம் இல்ல, பால்கனி லைட் ராத்திரி பூரா எரிஞ்சுது, அதுக்கு நீளமான இருட்டு வேணும், லைட்ட அணைக்க ஆரம்பிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆனதும் மொட்டு தெரிஞ்சுது.)

குறைன்னு பார்த்தா தண்ணி ஊத்துற வாய்க்கு மூடி குடுக்கல, இத மன்னிக்கவே முடியல. தேங்கின தண்ணி இருந்தா கொசு முட்டை போட்டு வெக்கைல ஒரு வாரம் பத்து நாள்ல பறந்துரும், டார்ச் அடிச்சு பார்த்தப்போ உள்ள புழு நெளியுது. இப்போ வாய், வழியிற ஓட்டை ரெண்டுக்கும் நைலான் வலை கட்டி, வாரம் ஒரு தடவை தொட்டிய சாச்சு டேங்க முழுசா கொட்டிடறேன், ஒருநாள் காலியா விட்டு தான் மறுபடி ஊத்துறேன், வேருக்கும் அதுல மூச்சு கிடைக்குது. மிதவை குச்சி ஆறுல ரெண்டு தொட்டில சிக்கிக்கிச்சு, தண்ணி இருக்குன்னு காட்டும், தூக்கி பார்த்தா கனமே இருக்காது, அதனால தூக்கி பார்த்தே தெரிஞ்சுக்கோங்க.

இன்னொண்ணு, தண்ணி எப்பவும் கீழ இருந்து மேல மட்டும் போறதால உப்பு எல்லாம் மேல் மண்ணுல வந்து படியும், நாலு மாசத்துல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. மாசம் ஒரு தடவை மேல இருந்து நிறைய தண்ணி விட்டு அலசி, கீழ சேர்றத கொட்டிடணும், உரமும் வழக்கத்துல பாதி போதும். டேங்க்ல திரவ உரம் ஊத்தவே ஊத்தாதீங்க, ஊறி நாறும்.

வாங்குறவங்க வெறும் தோட்டத்து மண்ண போடாதீங்க, இறுகி சேறாயிடும். நான் தென்னைநார் கழிவு ரெண்டு பங்கு, மக்குன உரம் ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணு இறுகாம இருக்க சேக்குற, பொரி மாதிரி எடையே இல்லாத வெள்ளை கல்லு) ஒரு பங்கு கலக்குறேன். திரிய நல்லா ஊற வச்சு மாட்டுங்க, காஞ்ச திரி இழுக்காது. புதுசா நட்டதுக்கு முதல் ரெண்டு மூணு வாரம் மேல தான் ஊத்தணும், வேர் கீழ இறங்குற வரைக்கும் டேங்க் தண்ணி அதுக்கு எட்டாது.

கூட வந்த திரி பருத்தி, ஒரு வருஷத்துல மக்கி அறுந்துருச்சு, தனியா திரி மட்டும் கேட்டா விக்கிறது இல்லன்னுட்டாங்க. நைலான் கயிறு முறுக்கு தளர்வா இருக்குறதா பார்த்து வெட்டி மாட்டினேன், மூணு மாசமா நல்லா இழுக்குது.