ஒரு போர்ட், இரண்டு வேலை: பை ஜீரோ 2 டபிள்யூவின் யூஎஸ்பி

ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் இரண்டு மைக்ரோ யூஎஸ்பி போர்ட். ஓரத்தில் இருப்பது கரண்டுக்கு மட்டும். மினி எச்டிஎம்ஐ பக்கம் இருப்பதுதான் டேட்டா போர்ட். 2021-இல் 15 டாலர் விலையில் வந்த இந்தப் போர்டை வாங்க அந்த ஒரு போர்ட்டே போதும். கீபோர்டு மாட்டினால் போர்டு ஹோஸ்ட், அதாவது மாட்டிய சாதனத்தை இயக்கும் முனை. லேப்டாப்பில் செருகினால் அதுவே நெட்வொர்க் கார்டாக, சீரியல் போர்ட்டாக, பென் டிரைவாக வேடம் கட்டும். பை 3 பி-யில் இந்த வித்தை பலிக்காது, நடுவில் யூஎஸ்பியைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் ஹப் சிப் உட்கார்ந்திருக்கிறது. பை 4-இல் டைப்-சி கரண்ட் போர்ட் வழியாக மட்டும் முடியும்.

ஹோஸ்டாக இது சுமார்தான். ஓடிஜி அடாப்டர் (கீபோர்டு போன்றவற்றை மாட்ட உதவும் இணைப்பான்) மைக்ரோ யூஎஸ்பியின் ஐடி பின்னை கிரவுண்டோடு சேர்க்கும்; அதை வைத்துத்தான் போர்டு ஹோஸ்ட் ஆகிறது. வேகம் யூஎஸ்பி 2.0 தான். ஹார்டு டிஸ்க் என்றால் தனி பவர் உள்ள ஹப் வேண்டும்.

பெரிஃபரல் மோடில்தான், அதாவது லேப்டாப்புக்கு ஒரு சாதனமாக வேடம் கட்டும்போதுதான், அசத்துகிறது, சறுக்கல்களும் அங்கேதான். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வோர்ம் பதிப்பில், பூட் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் 'சிஎம்5' தலைப்பின் கீழ் டிடபிள்யூசி2 (யூஎஸ்பி டிரைவர்) ஓவர்லே வரி ஏற்கெனவே இருக்கும். அதைத் திருத்திப் பயனில்லை, அது கம்ப்யூட் மாட்யூல் 5-க்கு உரியது. கோப்பின் கடைசியில் 'ஆல்' தலைப்பின் கீழ் அதே ஓவர்லேவுக்குப் புது வரி எழுதி, மோடை 'பெரிஃபரல்' என்று வையுங்கள். பிறகு கெர்னலுக்கான கட்டளைகள் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் 'ரூட்வெயிட்' சொல்லை அடுத்து டிடபிள்யூசி2, நெட்வொர்க் கார்டு வேடத்துக்கான ஜி-ஈதர் என்ற இரண்டு மாட்யூல்களையும் லோடு செய்யச் சொல்ல வேண்டும். அந்தக் கோப்பு முழுக்க ஒரே வரி. நடுவில் என்டர் தட்டக் கூடாது.

ரீபூட் செய்து, பெரிஃபரல் மோடுக்கான யூஎஸ்பி கன்ட்ரோலரின் பெயர் தெரியும் சிஸ்-கிளாஸ்-யூடிசி ஃபோல்டரைப் பாருங்கள். காலியாக இருந்தால் ஓவர்லே ஏறவில்லை. பெயர் இருந்தும் லேப்டாப் கண்டுகொள்ளவில்லையா? பெரும்பாலும் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள், இல்லையேல் போர்ட் மாறிவிட்டது.

ஜி-ஈதர் ஒவ்வொரு பூட்டிலும் புது மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) எடுக்கும். லேப்டாப்புக்கு தினமும் புது கார்டு வந்ததுபோலத் தோன்றும். இரு முனை முகவரிகளையும் நிலையாகக் கொடுத்துவிட்டால் தொல்லை தீரும். புக்வோர்மில் நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், இப்படி வேடம் கட்டிய கார்டைத் (கேட்ஜெட்) தானாகத் தொடாது. சாதனங்களைக் கையாளும் யூடெவ் விதியில் அந்தத் தடையை நீக்கி, இணைப்பை 'ஷேர்டு' என வைத்தால் லேப்டாப்புக்குத் தானாக ஐபி கிடைக்கும்.

லேப்டாப்பிலிருந்தே கரண்ட் வருவதால் இன்னொரு போர்ட்டில் அடாப்டரைச் செருகாதீர்கள். இரண்டு போர்ட்டின் 5 வோல்ட்டும் உள்ளே ஒரே தடம்.