டர்பனிலிருந்து மிட்ராண்டுக்கு: பாதி வீட்டை ஏற்றிப் போன லாரி சேவை

டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணத்திலேயே இருப்பதா, ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துக்குப் போவதா என்று வீட்டில் பேசிப் பேசி ஓய்ந்துபோன குடும்பங்கள் தென்னாப்பிரிக்கத் தமிழர் நம்மில் நிறைய உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்திய வீடு மாற்றும் லாரி சேவை ஒன்றைப் பற்றியது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு குடும்பம் நடத்துகிறது. டர்பன், ஜோஹன்னஸ்பர்க் பாதையில் மட்டும் ஓட்டுகிறார்கள். குறையையும் எழுதப் போகிறேன், அதனால் பெயரைப் பொதுவில் போடவில்லை. வேண்டியவர்கள் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

சாமான்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் லாரிக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். இன்னும் முடிவெடுக்காத குடும்பத்திடம் இவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

எங்கள் வீடு டர்பனின் தெற்கே மியர்பேங்கில். அந்தப் பகுதியை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், ஒரு காகித ஆலை. எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆஸ்துமா அதிகம் என்று ஆய்வு செய்தே சொன்னார்கள். அந்தக் காற்றை எதிர்த்து ஊர்வலம் போனவர்களே அந்த ஆலைகளில் வேலை பார்த்தும் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஆலை பராமரிப்புக்கு நிற்கும் ஷட்டவுன் காலங்களில் ஒப்பந்த வேலைக்குப் போவான். 2020 டிசம்பரில் ஒரு ஆலையில் தீப்பிடித்தது, அதற்குப் பிறகு அங்கே சுத்திகரிப்பு தொடங்கவே இல்லை. 2022இல் இன்னொன்றும் நின்றது. அதே ஆண்டு ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலைக் கலவரம். காற்று நன்றாக ஆரம்பித்த நேரத்தில் வேலை போயிற்று. மகன் மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உள்ள மிட்ராண்டில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் ஒரே பேச்சு: "மா, நீங்களும் அப்பாவும் வந்துவிடுங்கள்."

என் வீட்டுக்காரருக்கு மூச்சுத் தொல்லை உண்டு. ஆலைப் புகை குறைந்த பிறகு மியர்பேங்க் அவருக்கு ஒத்துக்கொள்கிறது. மிட்ராண்டோ கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே, குளிர்காலத்தில் மழையே இல்லாத வறண்ட காற்று. எனக்கு இங்கே மாலைநேரத் தமிழ் வகுப்பு இருக்கிறது. அங்கே தமிழ் எழுத்து தெரியாமல் வளர்கிற ஒரு பேத்தி இருக்கிறாள். இப்படி இருந்தால் எப்படி முடிவெடுப்பது?

விலை கேட்ட மற்ற இடங்களில் எல்லாம் முதல் கேள்வியே "எந்தத் தேதி?" என்பதுதான். தேதி இல்லை என்றால் பேச்சு முடிந்தது. இவர்கள் மட்டும் ஆள் அனுப்பினார்கள். வந்தவர் முப்பது வயதுப் பையன், உரிமையாளரின் மகன். "ஆன்ட்டி, முடிவு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. கணக்கெடுக்கக் காசு வாங்குவதில்லை" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு அறையாகப் போய் எழுத ஆரம்பித்தார்.

கணக்கெடுப்பு கன மீட்டரில் நடக்கிறது. ஒரு கட்டில் இவ்வளவு இடம், ஒரு பெட்டி இவ்வளவு இடம் என்று அவர்களிடம் கணக்கு இருக்கிறது. லாரி முழுவதையும் நீங்கள் எடுக்கலாம், அல்லது வேறு குடும்பங்களுடன் பகிரலாம். பகிர்ந்தால் மலிவு, ஆனால் லாரி நிறையும் வரை காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு சாமானையும் காட்டி, போகிறதா இருக்கிறதா என்று கேட்டார். நான் ஒன்று சொன்னேன், வீட்டுக்காரர் வேறொன்று சொன்னார். அந்தத் தம்பி யார் பக்கமும் பேசவில்லை. தாளில் மூன்று பத்தி போட்டார். போவது, இருப்பது, தெரியாது. நாங்கள் இருவரும் ஒத்துப்போகாத எல்லாவற்றையும் மூன்றாவது பத்தியில் எழுதினார். முதல் பத்திக்கு ஒரு விலை, மூன்றாவதுக்குத் தனி விலை, இரண்டையும் சேர்த்தால் எவ்வளவு என்று அடுத்த நாளே அனுப்பிவிட்டார். எதற்கும் முன்பணம் கேட்கவில்லை.

மாதக்கணக்கில் பேசியும் நாங்கள் தொடாத விஷயங்களை அந்தத் தாள் வெளியே கொண்டுவந்தது. "போவதா?" என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. "இந்த அண்டா போகிறதா?" என்று கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த அண்டா ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அதை வாங்கிப் போகும். மகன் இருக்கும் காம்ப்ளெக்ஸில், அதாவது வாசல் காவல் உள்ள குடியிருப்பில், விறகு மூட்ட அனுமதி இல்லை. ஆக, அண்டா இருப்பது என்ற பத்திக்குப் போயிற்று, அதில் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. தையல் மெஷினும், என் தமிழ்ப் பாடப் புத்தகப் பெட்டிகளில் ஒன்றும், பேத்திக்கென்று வைத்திருந்த பித்தளைச் சாமான்களும் போவது என்ற பத்திக்கு வந்தன. இவருடைய கருவிப் பெட்டி நீண்ட நாள் தெரியாது என்ற பத்தியிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் இவர் உண்மையில் எதற்குப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. மிட்ராண்ட் டவுன்ஹவுஸில் அவர் கையால் செய்ய ஒரு வேலையும் இருக்காது. காற்று, குளிர் என்று சொன்னதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாமனார் காலத்து இம்புயா மர அலமாரியைப் பற்றி அந்தத் தம்பி சொன்னது நல்ல ஆலோசனை. டர்பன் ஈரத்தில் பல வருடம் இருந்த மரம் ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டு நிலத்தின் குளிர்காலத்தில் சுருங்கி வெடிக்கக்கூடும், சூடேற்றி வைக்கும் அறையில் மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். அதை ஏற்றினால் அவருக்கு வருமானம் கூடுதல். ஆனாலும் "விட்டுப் போங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார்.

இந்த மாதிரி உட்கார்ந்து யோசிக்கும் வசதி நம் வீடுகளுக்குப் புதிது. என் தாத்தா பாட்டியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். எந்தத் தோட்டம் என்பதைக்கூட அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. என் பெற்றோர் டர்பனின் கேட்டோ மேனரில் இருந்தார்கள். எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் வருடத்துக் குழுப் பகுதிச் சட்டத்தின்படி அங்கிருந்து கிளப்பப்பட்டார்கள், என்ன எடுத்துப்போவது என்று யாரும் வந்து எழுதிக் கேட்கவில்லை. மாகாண எல்லையும் அப்படித்தான். நடால் இந்தியர், அன்று ஜோஹன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை 1975 வரை இருந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு உறவுக் கல்யாணத்துக்குப் போக என் மாமனார் சீட்டு வாங்கக் காத்திருந்த கதையை இவர் அடிக்கடி சொல்வார். இடையில் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்க 1891இல் போட்ட தடை 1986 வரை நீடித்தது. 1913இல் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் டிரான்ஸ்வால், நடால் எல்லையைச் சீட்டில்லாமல் தாண்டித்தான் சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை அவர்களில் ஒருத்தி. சிறையில் நோயுற்று, வெளியே வந்ததும் 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்துபோனாள். இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்த எனக்கு, "உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது" என்று ஒருவர் விலைப்பட்டியல் நீட்டியது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். போவது என்ற பத்தியை மட்டும் அனுப்பினோம், பகிர்ந்த லாரியில். காலையில் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஒரு சுலுக்காரர், நம் வீடுகளில் பல காலம் வேலை செய்து பழகியவர். சாமி அறைக்குள் போகும் முன் சொல்லாமலே காலணியைக் கழற்றினார். பீங்கான், கண்ணாடி எல்லாவற்றையும் அவர்களே காகிதம் சுற்றிக் கட்டினார்கள். காமாட்சி விளக்கை மட்டும் நான் கொடுக்கவில்லை, காரில் எங்களோடு வந்தது. நீங்களே கட்டிய பெட்டிக்குக் காப்பீடு கிடையாது என்பதைக் கையெழுத்துக்கு முன்பே தெளிவாகச் சொன்னார்கள். எரிவாயு சிலிண்டர், பெயின்ட், செடிகள் ஏற்றுவதில்லை. மிளகாய்த்தூள், ஊறுகாய் ஜாடிகளை ஏற்றினார்கள், ஆனால் மூடியை டேப் போட்டு ஒட்டிய பிறகுதான்.

பாதை என்-3 நெடுஞ்சாலை. மூய் ரிவர், வான் ரீனன் கணவாய், ஹாரிஸ்மித் வழியாக ஏறக்குறைய 570 கிலோமீட்டர். இந்தச் சாலையை நம்பித் தேதி குறிப்பது சிரமம். 2021 ஜூலையில் மூய் ரிவரில் லாரிகளை எரித்தார்கள், 2023 ஜூலையில் வான் ரீனனில் மறுபடியும் எரித்தார்கள். 2024 செப்டம்பரில் பனி கொட்டிச் சாலையே மூடிக்கிடந்தது. எங்கள் லாரி ஒரு விபத்தால் ஹாரிஸ்மித்தில் இரவு நின்றது. அவர்களே கூப்பிட்டுச் சொன்னார்கள், மறுநாள் கிளம்பியதும் மறுபடியும் சொன்னார்கள். தாமதத்தைவிடத் தகவல் இல்லாததுதான் மனிதரைக் கொல்லும், அந்த விஷயத்தில் இவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

வருத்தம் வேறொன்றில். மகனின் காம்ப்ளெக்ஸ் வாசலில் பெரிய லாரியை உள்ளே விடவில்லை. அங்கே பெரும்பாலான டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸ்களில் எடைக்கும் நேரத்துக்கும் விதி உண்டு. வருடக்கணக்காக அந்த ஊருக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. சாமான்களைச் சிறிய பக்கி வண்டியில் (பின்னால் சாமான் ஏற்றும் பிக்-அப்) மாற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம் என்று அப்போதுதான் சொன்னார்கள். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களிடம் வாசலில் நிறுத்திக் கேட்கும் காசு அல்ல அது. முதல் நாளே தாளில் எழுதியிருக்க வேண்டும். எழுதியே புகார் கொடுத்தேன். உரிமையாளர் கூப்பிட்டு அதில் பாதியைத் திருப்பித் தந்தார். முழுவதையும் தந்திருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் என் கருத்து.

சின்ன அலமாரி ஒன்றில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. இறக்கும்போதே தாளில் குறித்துக் கையெழுத்து வாங்கினேன். புதுக் கண்ணாடி போட்ட கடைச் சீட்டை அனுப்பியதும் பணம் வந்தது, இழுத்தடிக்கவில்லை.

தெரியாது என்ற பத்தி மியர்பேங்க் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதானால் டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் உள்ள அவர்கள் கிடங்கில் வைத்துக்கொள்ளலாம், மாத வாடகை, எந்தப் பக்கமும் பிறகு அனுப்பலாம் என்றார்கள். நாங்கள் இன்னும் அதற்குப் போகவில்லை. குளிர்காலத்தை இங்கே கழிக்கிறோம், இவருடைய மார்புக்கு அதுதான் நல்லது. கோடையில் சில மாதம் மிட்ராண்ட். இசிபிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவுக்கு இங்கே வந்துவிடுவோம். அங்கே இருக்கும்போது மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கு மகன் கூட்டிப்போகிறான். பேத்தி உயிரெழுத்துகளை முடித்து மெய்யெழுத்துக்கு வந்திருக்கிறாள். கருவிப் பெட்டி கடைசியில் எங்கள் காரிலேயே வந்தது. காம்ப்ளெக்ஸில் இருக்கும் மற்ற வீடுகளின் குழாய்களை இவர்தான் இப்போது சரிபார்க்கிறார்.

முழுவதுமாகப் போய்விட வேண்டும் என்றோ, போகவே கூடாது என்றோ சொல்கிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். முடிந்தவர்கள் எங்களைப் போல் பாதியை அனுப்பிப் பாருங்கள், ஒரு குளிர்காலத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டு வீட்டை விற்பதைப் பற்றிப் பேசுங்கள். டர்பன் வீட்டை அவசரமாக விற்றால் அதே பணத்தில் திரும்ப வாங்குவது கஷ்டம்.

இவர்களைக் கூப்பிடுவதானால் மாதக் கடைசியும் டிசம்பரும் வேண்டாம். மாத நடுவில் லாரியில் இடமும் கிடைக்கும், விலையும் இறங்கும். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குத் திரும்பும் லாரியில் இடம் இருந்தால் இன்னும் குறைத்துத் தருகிறார்கள், திரும்பி வர நினைப்பவர்கள் அதைக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்கள் மாற்றுக் கடிதத்தையும் கையில் மருந்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். போகும் இடம் காம்ப்ளெக்ஸ் என்றால் லாரி எடை, நேரம் இரண்டையும் அங்கே விசாரித்து, சிறிய வண்டிக்கு மாற்றும் செலவையும் விலைப்பட்டியலில் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.